பூஜைக்குத் தேய்த்த இரண்டு ரீடெய்னர்கள்

சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் அக்கா வீட்டுக்காரர் அந்த ரகம். உத்திரமேரூரில் வாலாஜாபாத் ரோட்டோரம் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. இடம் அவருடையது, என்ஜின் வேலை என்னுடையது. ஐந்து வருஷம் அவரோடு ஒரே தகரக் கூரையின் கீழ் வெந்தேன். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவரை எனக்குப் பிடித்ததில்லை.

என்ன கெடுதல் செய்தார் என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல ஒன்றும் இருக்காது. அதுதான் இன்னும் எரிச்சல். சாலவாக்கத்திலிருந்து ஒருவர் நெல் மூட்டை ஏற்றி ஏற்றியே கிளட்ச் தேய்ந்துபோன மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருவார். நான் என்ஜினைப் பிரித்துக் கையெல்லாம் கருப்பாகி உட்கார்ந்திருப்பேன். மாமா அவருக்கு ஸ்டூல் போட்டு, டீ சொல்லி, ஏரியில் தண்ணீர் எவ்வளவு, பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று ஊர்க்கதை முழுக்கப் பேசுவார். கடைசியில் ஒரு துணியை எடுத்து டேங்கை நாலு தேய் தேய்த்து, "பாரு நைனா, மூஞ்சி தெரியுது" என்பார். வந்தவர் போகும்போது, "உங்க மாமா கை ராசியான கைப்பா" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

மாமாவுக்கு வண்டி என்றால் பளபளப்பு. உள்ளே பிஸ்டன் ரிங் உடைந்து கிடந்தாலும் சைலன்சர் மின்னவேண்டும். ஸ்பானர்களைக்கூட வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, அளவு வாரியாக ஆணியில் மாட்டி வைப்பார். அதைப் பார்த்து ஊரே மெச்சும். எனக்கு அந்த ஸ்பானரால் ஒன்று போட வேண்டும் போலிருக்கும்.

எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் ஆறு வருஷம் சென்னையில் பந்தய வண்டிகளுக்கு என்ஜின் கட்டுகிற ஒருவரிடம் வேலை பார்த்தவன் நான். அப்பா படுத்த படுக்கையானதும் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று சுழலும் என்ஜினில் கை வைத்துவிட்டு, உமித் தூசு அடைத்த மொபெட் கார்ப்பரேட்டரை ஊதிக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்கும் புத்தி கெடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், சென்னையில் என்னைத் தெரிந்த இளைஞன் ஒருவன் விசாரித்துக்கொண்டு ஷெட்டுக்கே வந்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியுள்ள பந்தயத் தடத்தில் நூற்றைம்பது சிசி வண்டி ஓட்டுகிறவன். "அண்ணா, என் என்ஜினை நீங்க மட்டும்தான் தொடணும்" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அவன் என்ஜினில் டைட்டானியம் ரீடெய்னர் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என்ஜினுக்குள் காற்றையும் புகையையும் விட்டு அடைக்கிற கதவுதான் வால்வு. நீளமான தண்டு, அடியில் தட்டையான தலை. அந்தத் தண்டை மேலே இழுத்து வால்வை மூடி வைப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் உட்கார்ந்திருக்கும். அதுதான் ரீடெய்னர். அதன் நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் லாக் என்கிற இரண்டு அரைத்துண்டுகள் ஆப்பு போல இறுகி வால்வுத் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். ரீடெய்னர் விட்டுக்கொடுத்தால் லாக் கழன்றுவிடும், லாக் கழன்றால் வால்வு பிஸ்டன் மேல் விழுந்துவிடும். அவன் என்ஜினில் இரண்டே வால்வு, இரண்டே ரீடெய்னர்.

இரும்பில் செய்த ரீடெய்னர் ஒன்பதாயிரம், ஒன்பதாயிரத்து ஐந்நூறு சுற்று வரை மரியாதையாக ஓடும். அதற்கு மேல் போனால் அதன் கனத்தைத் தாங்காமல் ஸ்பிரிங் தடுமாறும், வால்வு நேரத்துக்கு மூடாது. டைட்டானியத்துக்குக் கிட்டத்தட்ட பாதிக் கனம்தான், பன்னிரண்டாயிரம் வரை துணிந்து போகலாம். ஆனால் அதற்கு ஒரு நோஞ்சான் குணம் உண்டு. உரசல் ஆகாது. ஸ்பிரிங்கின் இரும்பு அதன் மேல் நேராக உரசினால் ஒட்டி ஒட்டிப் பிய்த்துத் தின்றுவிடும். அதற்காகத்தான் செய்கிறவர்களே அதன் மேல் தலைமுடி கனம்கூட இல்லாத ஒரு கெட்டிப் பூச்சைப் போட்டு அனுப்புவார்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அந்தப் பூச்சு போனால் ரீடெய்னரும் போயிற்று.

அதனால் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் என்ஜின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுவேன். ரீடெய்னரைப் பெட்ரோலில் கழுவி, வெயிலில் காட்டி, லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். ஸ்பிரிங் உட்காரும் விளிம்பில் நகத்தை ஓட்டுவேன். நகம் எங்கேயாவது மாட்டினால் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப்போட வேண்டியதுதான். லாக் முன்பைவிடக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அரம் படக்கூடாது, எமரி பேப்பர் படவே கூடாது. ரோட்டில் நெல் காயப்போடுகிற பருவத்தில் ஷெட்டுக்குள் தூசு பறக்கும் என்பதால், ஒரு கயிற்றுக் கட்டிலுக்கு மேல் கொசுவலை கட்டி அதற்குள் உட்கார்ந்துதான் ஹெட்டைக் கோப்பேன்.

மாமாவுக்கு அது போதும். "இன்னாடா மச்சான், கொயந்தைக்கித் தூளி கட்டிக்கினு கீறியா? தாலாட்டு பாட உங்க அக்காவ இட்டாரட்டா?" என்று ரோட்டுக்குக் கேட்கும்படி கத்துவார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். "எத்தினி தபா சொல்றது, வேல செய்யசொல்ல பேசாதன்னு" என்று நான் எரிந்து விழுவேன். அதற்கும் சிரிப்பார்.

முதல் ஜோடி ரீடெய்னரில் நகம் மாட்டியதும் நான் கழித்துவிட்டேன். "நல்லாத்தானேண்ணா இருக்கு, இன்னும் ஒரு ரேஸ் வராதா?" என்று அந்த இளைஞன் கெஞ்சினான். முடியாது என்றேன். அப்படிக் கறாராக இருப்பதில் எனக்கு ஒரு சுகம். மிச்சம் இருந்தது இரண்டாவது ஜோடி மட்டும்தான். வெளிநாட்டில் இருக்கும் அவனுடைய சித்தப்பா வாங்கி அனுப்பியது. அதுவும் போனால் அடுத்தது வர இரண்டு மாதமாவது ஆகும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்து, அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஜெயித்தால் அவனுக்கு ஒரு பெரிய அணியில் இடம் கிடைக்கும் என்று பேச்சு. பூஜைக்கு மூன்று நாள் முன்னாலேயே ஹெட்டைப் பிரித்து, இரண்டு ரீடெய்னரையும் பார்த்து, நகம் ஓட்டி, சரி என்று முடிவு செய்து, எண்ணெய் தடவி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். அடுத்த இரண்டு நாளும் தென்னேரிப் பக்கம் ஒரு பம்ப் செட் என்ஜின் வேலைக்குப் போய்விட்டேன்.

எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் ஆயுத பூஜை எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷம் பூராவும் கிரீஸில் கிடந்த சுத்தி, உளி, வைஸ், ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கி வைத்துக் கழுவி, துரு இருந்தால் எமரி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார்கள். அன்றைக்கு ஒரு நட்டு கருப்பாக இருந்தாலும் சாமிக்கு அவமரியாதை. மாமாவுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. இரண்டு நாள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேய்ப்பார்.

பூஜைக்கு மறுநாள் காலை, கேஸ்கட் ஷீட் வாங்க மாமா வாலாஜாபாத் போயிருந்தார். ஷெட்டில் நான் மட்டும். கொசுவலைக்குள் உட்கார்ந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே இரண்டு ரீடெய்னரும் புது வெள்ளிக் குங்குமச்சிமிழ் போலப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

விரல் நுனியில் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் பூச்சு ஒரு இடத்திலும் மிச்சமில்லை. விளிம்பு, ஓட்டைக்குள், அடிப்பக்கம், ஒரு மூலை விடாமல் தேய்த்திருந்தார். பூச்சை எண்ணெய் கருகிய கறை என்று நினைத்திருக்கிறார். வேறு எந்த ஊரிலும் எந்த மெக்கானிக்கும் இதைச் செய்திருக்க மாட்டான். குப்பையில் போடுவான், திருடுவான், தொலைப்பான், ஆனால் பக்தியோடு உட்கார்ந்து இப்படித் தேய்த்திருக்க மாட்டான்.

வேறு நாளாக இருந்தால் ஷெட்டையே இரண்டாக்கியிருப்பேன். அன்று சத்தம் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இரும்பு ரீடெய்னர் ஒரு ஜோடி மேசை இழுப்பறையில் இருந்தது. அதை மாட்டிவிட்டு, "தம்பி, ஒன்பதாயிரத்துக்கு மேலே போகாதே" என்று சொல்லியிருக்கலாம். அவன் ஏன் என்று கேட்பான். எங்கள் ஷெட்டில் டைட்டானியத்தை எமரி போட்டுத் தேய்த்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டார்கள் என்று நான் சொல்லவேண்டும். அவன் சென்னையில் போய்ச் சொல்வான். என்னோடு அங்கே வேலை பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நினைக்கும்போதே உடம்பு கூசியது. பந்தயத் தடத்தில் பத்தே சுற்றுதானே, தாங்கிவிடும் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு பக்கம் வேறொன்று சொல்லிக்கொண்டேன். உடையட்டும். உடைந்தால்தான் இந்த ஆளின் யோக்கியதை ஊருக்குத் தெரியும். கை ராசி, கை ராசி என்கிறவர்கள் வந்து பார்க்கட்டும். என்ஜின் உடைவதைத்தான் நினைத்தேன், அதன் மேல் ஒருவன் உட்கார்ந்திருப்பதை நினைக்கவில்லை என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். நினைத்தேன். நினைத்துவிட்டு, அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நானே முடிவுகட்டினேன்.

சந்தனத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, இரண்டையும் மாட்டினேன். லாக் உட்கார்ந்ததா என்று சுத்தியின் மரக்கட்டையால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். ஹெட்டை அளவு பார்த்து முறுக்கினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.

மாமா மத்தியானம் வந்தார். "முச்சிட்டியாடா மச்சான்?"

"முடிஞ்சிது."

"பூஜ போட்ட வண்டி. பஸ்ட்டு நம்ம வண்டிதான், பாத்துக்கினே இரு" என்று பெட்ரோல் டேங்கைத் துடைக்க ஆரம்பித்தார். ரீடெய்னரைத் தேய்த்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மறைக்கவில்லை. இருநூறு சாமான் தேய்த்ததில் அதுவும் இரண்டு, அவ்வளவுதான் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவரும் கிளம்பி வந்துவிட்டார். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வைத்தார். ஹெல்மெட் போட்டிருந்த அந்தப் பிள்ளை குனிந்து அவரிடம் திருநீறு வாங்கிக்கொண்டான். நான் தடத்தின் ஓரச் சுவரில் சாய்ந்து, சுற்று எண்ணிக்கையைக் காட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனை உள்ளே கூப்பிட வேண்டுமானால் அதே பலகையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

மூன்றாவது சுற்றில் இரண்டாவதாக வந்தான். நான்காவது சுற்றில் எங்களைக் கடக்கும்போது என்ஜினுக்குள் ஒரு 'டிக் டிக்' கேட்டது. பக்கத்தில் இருந்த யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ரீடெய்னர் தேய்ந்து லாக் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது, வால்வுக்கு இடைவெளி மாறுகிறது. அந்த நிமிஷம் பலகையைத் திருப்பியிருக்க வேண்டும். ஐந்தாவது சுற்றில் அவன் முதல் இடத்துக்கு வந்தான். மாமா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நம்ம புள்ளடா! நம்ம என்ஜின்டா!" என்று கத்தினார். நம்ம என்ஜின் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலையில் ஏறியது. என் என்ஜின் அது. பலகையைத் திருப்பாமல் நின்றேன்.

ஆறாவது சுற்றில், நீளமான நேர்ப்பாதையின் முடிவில் என்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்றுபோனது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து அவனைத் தூக்கி வீசியது. பின்னால் வந்த வண்டி அவன் வலது காலின் மேல் ஏறியது. மாமா சுவரைத் தாண்டிக் குதித்து முதல் ஆளாக ஓடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மறுநாள் ஷெட்டில் ஹெட்டைக் கழற்றினேன். வால்வின் தலை முறிந்து பிஸ்டனில் குத்தி நின்றது. ஒரு ரீடெய்னரின் ஓட்டை அகன்று லாக் இரண்டும் அதன் வழியே வெளியேறியிருந்தன. எண்ணெயில் சாம்பல் நிறத்தில் பொடி மிதந்தது. மாமா எதிரே குந்தியிருந்தார், கண் சிவந்து. நான் ரீடெய்னரைத் தூக்கி வெயிலில் பிடித்து, அப்போதுதான் பார்க்கிறவனைப் போலப் பார்த்தேன்.

"மாமா, இத நீ தேச்சியா?"

அவர் கையில் வாங்கிப் பார்த்தார். "ஆமாடா. பூஜைக்கி. கறையா இருந்துது. ரெண்டு மணி நேரம் தேச்சேன், போவவே மாட்டேன்னுச்சி. அப்புறம் ட்ரில்லுல எமரி சுத்தி..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "இன்னாடா? தேக்கக் கூடாதா?"

நான் ஆரம்பித்தேன். ஐந்து வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். அது கறையில்லை, பூச்சு, அதைத் தேய்த்துத்தான் அந்தப் பிள்ளையின் காலை ஒடித்தாய் என்றேன். முட்டாள் என்றேன், கொலைகாரன் என்றேன். டீக்கடைக்காரர், பக்கத்து அரிசிக் கடை பாய், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். அக்கா பின்பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து, "வுடுடா, அவுரு வேணும்னா பண்ணாரு?" என்று அழுதாள். மாமா தரையில் உட்கார்ந்து அந்த ரீடெய்னரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது இருந்த நிம்மதியைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. பத்து நாளில் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. மொபெட் கொண்டுவந்தவர்கள் அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்கள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

அந்தப் பிள்ளைக்குத் தொடையிலும் முட்டியிலும் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. முட்டி இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். மாமா வாரம் தவறாமல் பஸ் பிடித்துச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று மூன்றாவது முறை என்னையும் கூட்டிப் போனார். அறை வாசலில் அந்தப் பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். மாமா கையிலிருந்த பழப்பையைத் தரையில் வைத்துவிட்டு அந்த அம்மாவின் காலில் விழுந்தார். அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க. விழுந்தா என் பிள்ளைக்குக் கால் வருமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவருக்குத்தான் தெரியாது. நீ தெரிஞ்சவனாச்சேப்பா. உன்னை நம்பித்தானே அவ்வளவு தூரம் வந்தான். மாட்டுறதுக்கு முன்னாடி நீயாவது ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவன் பாக்கலம்மா. முன்னாடியே செக் பண்ணி வச்சிருந்தான், டப்பாவுலேர்ந்து எடுத்து அப்டியே மாட்டிட்டான். அவன் மேல ஒரு தப்பும் கெடியாது. பாத்திருந்தான்னா என்ன அங்கியே வெட்டிப் போட்டிருப்பாம்மா, அவன் கோவம் உங்குளுக்குத் தெரியாது. எங்கொலசாமி மேல சத்தியமா அவன் பாக்கல." கையைக் கூப்பியபடி சொன்னார்.

அந்த ஆளை அன்றைக்கு வெறுத்ததுபோல நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது. அந்த அம்மா அவரை நகரச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியாப்பா?"

"ஆமாம்மா" என்றேன். "பாக்கல."